‘ஓன்லி’ என்னும் ஒரு சொல்

(சங்கத்தின் அங்கத்தவர்களுக்கு நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பெரியதொரு தத்துவமன்று. ஆங்கிலத்திலே நான்கே எழுத்துக்களால் ஆகிய ஒரு சொல்லைப் பற்றியே பேசப் போகிறோம். ‘நான்கே’ என்றும் ‘பற்றியே’ என்றும் சொன்னபொழுதே அந்த ஆங்கிலச் சொல்லின் வேலையை நமது தமிழ் ஏகாரம் இரண்டு முறை செய்து முடித்துவிட்டதை இங்குள்ள பெரியோர்கள் கவனித்திருப்பார்கள். அந்தச் சொல் ‘ஓன்லி’.

பாலர் வகுப்பிலேயே படிக்கும் சொல் இது. இதற்கு ஒரு கூட்டம் வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். நீளமான சொற்கள் நம்மை ஏமாற்றுவதில்லை. அவை வந்தால் அகராதியை எடுக்கிறோம். தெரிந்த சொல் என்று எண்ணித் தாண்டிப் போகும் சின்னச் சொற்களே விண்ணப்பப் படிவத்திலும், காசோலையிலும், உறுதியிலும், சட்டத்திலும் நம்முடைய காலை இடறிவிடுகின்றன. அவற்றுள் இது முதன்மையானது.

முதலில் இதன் பிறப்பைப் பார்ப்போம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலே இது ‘ஆன்லிக்’ என்று வழங்கிற்று. ‘ஆன்’ என்பது ஒன்று. ‘லிக்’ என்பது போன்றது, தன்மையது. ஆகவே ‘ஒன்றாகிய தன்மையது’ என்பது இதன் வேர்ப் பொருள். அக்காலத்திலே இதற்கு ஒப்பற்றது, மிக அழகியது என்ற பொருளும் இருந்தது. இரண்டாவது இல்லாதது எதுவோ அது சிறந்தது என்ற எண்ணம் போலும். இன்று ‘ஒன்று’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை ‘வன்’ என்று உச்சரிக்கிறார்கள். ஆனால் வகர ஒலி அதனுள் புகுந்தது பிற்காலத்தில். பழைய ஒலி எங்கே இருக்கிறது என்று தேடினால், தனியே என்று பொருள்படும் ‘அலோன்’ என்ற சொல்லிலும், நமது ‘ஓன்லி’யிலும் அப்படியே இருக்கிறது. ‘அலோன்’ என்பது ‘முழுவதும் ஒன்று’ என்ற இரு சொற்கள் ஒட்டிய சொல். ஆக, ‘வன்’ என்பதும் ‘ஓன்லி’ என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழர் இந்தக் கருத்துக்கு வேறு வழியாக வந்திருக்கிறார்கள். ‘மட்டு’ என்றால் அளவு, எல்லை. மட்டுப்படுத்து என்கிறோம், மட்டம் என்கிறோம். அதிலிருந்து வந்தது ‘மட்டும்’. ‘மாத்திரம்’ என்பதும் அளவுதான். இலக்கணத்தில் எழுத்தொலியை அளக்கும் மாத்திரையும், வைத்தியர் அளவாகக் கொடுக்கும் மாத்திரையும் அதன் இனத்தவை. நம் அயலாராகிய சிங்கள மக்கள் எழுத்து நடையிலே ‘பமணக்’ என்கிறார்கள். அதுவும் பிரமாணம், அதாவது அளவு, என்ற சொல்லின் வழி வந்ததே. ஆங்கிலேயர் ஒன்றை எண்ணி நின்றார்கள். தமிழரும் சிங்களவரும் அளந்து கோடு போட்டார்கள். கோடு போட்டபின் கோட்டுக்கு அப்பால் உள்ளதெல்லாம் வெளியே.

அளவு என்ற பொருளே நம் நாட்டுத் தமிழில் ஒரு வேடிக்கையையும் உண்டாக்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலே ‘அஞ்சு மணி மட்டும் இருப்பன்’ என்றால் ஐந்து மணி வரையும் இருப்பேன் என்பது பொருள். ‘அவர் வருமட்டும் பொறு’ என்கிறோம். ‘விண்ணப்பங்கள் மாலை 5 மணி மட்டும் ஏற்றுக்கொள்ளப்படும்’ என்று ஒரு விளம்பரம் இருந்தால், யாழ்ப்பாணத்தார் நாலரைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் சரியாக ஐந்து மணிக்குப் போய் நிற்பார். ‘அவன் பருத்தித்துறை மட்டும் போனான்’ என்பதிலே அவன் எவ்வளவு தூரம் போனான் என்று சொல்கிறோமா, வேறு ஊருக்குப் போகவில்லை என்று சொல்கிறோமா என்பது வாயால் சொல்லும்போது விளங்கும், கடதாசியில் விளங்காது. ஆகையால் எழுதும்பொழுது ‘வரையும்’ என்பதற்கு வரை என்றும், பிரித்துச் சொல்வதற்கு மாத்திரம் என்றும் எழுதிவிடுவது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

இனி, இச்சொல் நிற்கும் இடம். இதுதான் மாணவர்கள் தலையைச் சொறியும் இடமும். தமிழில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘பொருளாளர் நேற்றுச் சங்கத்துக்கு நூறு ரூபா கொடுத்தார்.’ இதிலே மாத்திரம் என்ற சொல்லை ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். பொருளாளர் மாத்திரம் கொடுத்தார் என்றால், மற்ற உத்தியோகத்தர்கள் பையைத் திறக்கவில்லை. நேற்று மாத்திரம் என்றால், மற்ற நாட்களில் கொடுப்பதில்லை. சங்கத்துக்கு மாத்திரம் என்றால், வாசிகசாலைக்காரர் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். நூறு ரூபா மாத்திரம் என்றால், நாம் ஆயிரத்தை எதிர்பார்த்திருந்தோம். கொடுக்க மாத்திரம் செய்தார் என்றால், கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு இராமற் போய்விட்டார். ஒரு சொல் ஐந்து இடத்தில் நின்று ஐந்து செய்தி சொல்லுகிறது. தமிழில் இது எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அந்தச் சொல்லின் முதுகிலே ஏறி இருந்துகொள்கிறது. ஆகையால் குழப்பம் குறைவு.

ஆங்கிலத்திலே அப்படியன்று. அங்கே ‘ஓன்லி’ தான் கட்டுப்படுத்தும் சொல்லுக்கு முன்னே வரவேண்டும் என்பது விதி. ஆனால் பேசுகிற ஆங்கிலேயர் பெரும்பாலும் அதை வினைச்சொல்லுக்கு முன்னே தூக்கி வைத்துவிட்டு, கட்டுப்படும் சொல்லைக் குரலால் அழுத்திக் காட்டிவிடுகிறார். ‘ஹி ஓன்லி கேவ் எ ஹண்ட்ரட் ருபீஸ்’ என்று சொல்லி, ‘ஹண்ட்ரட்’ என்ற இடத்திலே குரலை உயர்த்தினால் நூறு ரூபா மாத்திரம் என்பது பொருள். எழுத்திலே குரல் இல்லை. அங்கேதான் வழக்கும் வம்பும் பிறக்கின்றன.

இலக்கணக்காரர்கள் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. இச்சொல்லை அதன் சரியான இடத்திலேயே வைக்கவேண்டும் என்று நெடுங்காலமாகக் கண்டித்து வந்தார்கள். 1926ஆம் ஆண்டு ஃபௌலர் என்னும் அறிஞர் ஆங்கிலச் சொல்வழக்குப் பற்றிய தமது புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது அந்தக் கண்டிப்புக்காரரையே கண்டித்தார். கேட்பவருக்கு ஐயம் ஏற்படாத இடத்தில், இயல்பாக வாயில் வருகிற இடத்திலேயே சொல்லை விட்டுவிடலாம். தர்க்கத்துக்காக அதைப் பெயர்த்து வைப்பது வீண் பாண்டித்தியம் என்பது அவர் கட்சி. பொருள் மாறக்கூடிய இடத்தில் சரியான இடம் பார்த்து வைப்பதை அவர் மறுக்கவில்லை. இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டியதும் இதுவே. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். பரீட்சை விடையிலும், பணம் பற்றிய கடிதத்திலும், கூட்ட அறிக்கையிலும் அது தன் சொல்லோடு ஒட்டியே நிற்கட்டும்.

இச்சொல்லுக்கு இன்னும் சில முகங்கள் உண்டு. ‘ஓன்லி யெஸ்டர்டே’ என்றால் நேற்று மாத்திரம் அன்று. நேற்றுத்தான், அதாவது மிக அண்மையில் என்பதே. இதை ‘நேற்று மட்டும்’ என்று மொழிபெயர்த்துவிடும் பத்திரிகைத் தமிழை நாம் கண்டிருக்கிறோம். ‘ஓன்லி டூ கிளாட்’ என்றால் மிகுந்த மகிழ்ச்சி என்பது. இங்கே குறைக்கும் சொல் கூட்டும் சொல்லாகிவிட்டது. ‘வருவேன், ஓன்லி நாளைக்குப் பரீட்சை’ என்பது போலச் சொன்னால், ஆனால் என்று பொருள். ‘ஒன்றே மகன்’ என்பதற்கும் இதுவே பெயரடையாக வரும்.

இவற்றுள் ஒரு சோடியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ‘இஃப் ஓன்லி’ என்பது ஒரு பெருமூச்சு. அப்படி நடந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்குவது. அதே இரண்டு சொற்களை மாற்றிப் போட்டு ‘ஓன்லி இஃப்’ என்றால் அது ஒரு நிபந்தனை. தமிழில் ‘படித்தால் சித்தியடைவாய்’ என்பது வாக்குறுதி. ‘படித்தால்தான் சித்தியடைவாய்’ என்பது வாக்குறுதியன்று. படியாவிட்டால் சித்தியில்லை என்பது நிச்சயம். படித்தபின் சித்தி உண்டா என்பதைப்பற்றி அந்த வாக்கியம் வாய் திறக்கவில்லை. உத்தியோக விளம்பரங்களைப் படிப்பவர்கள் இதை மனத்தில் இருத்தவேண்டும். ‘கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றவர்கள் மாத்திரம் விண்ணப்பிக்கலாம்’ என்று இருக்கும். திறமைச் சித்தி பெற்ற தம்பி, தனக்கு அந்த வேலை கிடைத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்தச் சொல் திறந்தது படலையை. வீட்டுக் கதவை அன்று.

குறைத்துச் சொல்லும் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அவர் வெறும் எழுதுவினைஞர்’ என்று சொல்வது போல, ‘ஓன்லி எ கிளார்க்’ என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். இப்பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘மியர்’ என்றொரு சொல்லும் உண்டு. அது இலத்தீனிலே கலப்பற்ற, தூய என்ற பொருளுள்ள சொல். தண்ணீர் கலவாத மதுவை அப்படிச் சொன்னார்கள். தூயது என்பது ‘அது தவிர வேறில்லை’ என்றாகி, பின் ‘அவ்வளவுதான், வேறொன்றும் இல்லாதது’ என்று இறங்கிவிட்டது. நம்மிடமும் இதே கதி அடைந்த சொல் ஒன்று உண்டு: கேவலம். வடமொழியில் கேவலம் என்றால் தனித்தது, அதுமாத்திரமாயிருப்பது. சமணர் தம் மிக உயர்ந்த ஞானத்தைக் கேவல ஞானம் என்றார்கள். சைவ சித்தாந்தத்திலே கருவி கரணங்களோடு கூடாமல் ஆன்மா ஆணவத்தோடு மாத்திரம் கிடக்கும் நிலையைக் கேவல நிலை என்கிறோம். சந்தைக்கு வந்தபின் அச்சொல் ‘கேவலம் ஒரு ரூபா’ ஆகி, பின் ‘கேவலமான மனிதன்’ ஆயிற்று. தனித்து நிற்பது ஓரிடத்தில் உயர்வு, ஓரிடத்தில் தாழ்வு. பழைய ஆங்கிலத்தில் ஒப்பற்றது என்று இருந்த ‘ஓன்லி’ ஓர் எழுதுவினைஞரைத் தாழ்த்தும் சொல்லானதும் இந்த வழியாகவே.

நம்மவர் பேசும் ஆங்கிலத்துக்கு வருவோம். ‘ஹியர் ஓன்லி ஹி இஸ் ஸ்டேயிங்’, ‘டுடே ஓன்லி ஐ கேம்’ என்று இலங்கையிலும் இந்தியாவிலும் பேசக் கேட்கிறோம். ஆங்கிலேயர் காதுக்கு முதலாவது வாக்கியம், அவர் தங்குவதற்கு உலகில் இந்த ஓர் இடமே உண்டு என்பது போலக் கேட்கும். நாம் சொல்ல வந்தது ‘இங்கேதான் இருக்கிறார்’ என்பது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்களோடு நாம் சேர வேண்டியதில்லை. இது அறியாமையால் வந்த பிழையன்று. தமிழ் இலக்கணம் ஆங்கில உடை உடுத்து நிற்கிறது, அவ்வளவே. தொல்காப்பியர் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறினார். நன்னூலார் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கினார். இவற்றுள் நமக்கு வேண்டியவை இரண்டு. ‘ஐவருள் இவரே செயலாளராகத் தக்கவர்’ என்பது பிரிநிலை. மற்ற நால்வரையும் பிரித்து ஒதுக்குகிறது. ‘உண்மையே சொன்னேன்’ என்பது தேற்றம்; உறுதிப்படுத்துகிறது. பேச்சுத் தமிழில் ‘தான்’ இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. ஆங்கில ‘ஓன்லி’யோ பிரிநிலை வேலையை ஏற்கும், தேற்ற வேலையை ஏற்காது. நாம் இரண்டு சுமையையும் அதன் தலையில் ஏற்றுகிறோம். நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்கள் ஓர் உபாயம் செய்துகொள்ளலாம். ‘தான்’ என்று வாயில் வரும்போது, வேறொருவரையோ வேறோர் இடத்தையோ ஒதுக்குகிறோமா என்று உள்ளே கேட்டுக்கொள்க. ஒதுக்கவில்லையென்றால் ‘ஓன்லி’ வேண்டாம். குரலால் அழுத்தினாலே போதும்.

காசோலையிலே தொகையை எழுத்தால் எழுதி முடிவில் ‘மாத்திரம்’ என்று எழுதுகிறோம். ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். பின்னால் யாரும் சொற்களைச் சேர்த்துத் தொகையைப் பெருக்காமல் இருக்க இட்ட பூட்டு அது. ஆங்கிலத்தில் ‘ஃபைவ் ஹண்ட்ரட்’ என்று எழுதி இடம் விட்டால், கள்ளன் ‘அண்ட் நைன்ட்டி’ என்று தொடரலாம். தமிழுக்கு இங்கே இயற்கையான ஒரு காவல் உண்டு. ஐந்நூறு என்று முடித்தபின் தொண்ணூறு சேர்க்க வேண்டுமானால் ‘ஐந்நூற்று’ என்று சொல்லே திரியவேண்டும். திரியாத ‘ஐந்நூறு’ கள்ளனைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இடப்பக்கம்? ‘ஐந்நூறு’ என்பதற்கு முன்னே இடம் விட்டால் ‘ஆயிரத்து’ என்று எழுதிவிடலாம். மாத்திரம் என்ற பூட்டு வலப்பக்கக் கதவுக்கு மாத்திரம். இடப்பக்கத்தை ஒட்டி எழுதுவதே அதற்குப் பூட்டு. சங்கப் பொருளாளர்கள் இதைக் கவனிப்பார்களாக.

உண்டியல் சட்டத்திலும் இச்சொல்லுக்கு வலிமை உண்டு. இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி, இன்னாருக்கு மாத்திரம் செலுத்துக என்று எழுதிய உண்டியலை அவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அந்தச் சட்டத்தைப் பின்பற்றியதே இலங்கையின் 1927ஆம் ஆண்டு 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம்.

இவ்வளவும் சொன்னபின், இந்தச் சொல் உண்மையில் என்ன செய்கிறது என்று கேட்போம். ‘சாத்தன் மாத்திரம் வந்தான்’ என்றால் அதனுள்ளே இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. சாத்தன் வந்தான் என்பது ஒன்று. சாத்தனல்லாத எவரும் வரவில்லை என்பது மற்றொன்று. ஐரோப்பாவின் மத்திய காலத் தர்க்க நூலார் இத்தகைய வாக்கியங்களை இப்படி இரண்டாகப் பிரித்தே பொருள் கண்டார்கள். 1969இல் லோரன்ஸ் ஹோர்ன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இன்னும் ஒரு படி போனார். அவர் கருத்தின்படி இந்த இரண்டும் ஒரே தரமானவை அல்ல. சாத்தன் வந்தான் என்பது முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி போலப் பின்னால் நிற்கிறது. மற்றவர் வரவில்லை என்பதே சொல்லவந்த செய்தி. ‘சாத்தன் மாத்திரம் வந்தான் என்பது பொய்’ என்று ஒருவர் மறுத்தால், சாத்தன் வந்தது பொய் என்று நாம் கொள்வதில்லை. வேறு யாரோ வந்தார்கள் என்றே கொள்கிறோம். சோதித்துப் பார்த்தால் சரி என்று தெரியும். ஆகவே ‘ஓன்லி’ என்று யாராவது சொன்னால், உள்ளே இருப்பவர் யார் என்று பார்ப்பதோடு நில்லாமல், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்றும் பார்க்கவேண்டும். சொல்பவர் வாய் திறந்ததே அதற்காக.

நம் நாட்டிலே இந்த ஆங்கிலச் சொல்லை ஆங்கிலம் தெரியாதவர்களும் அறிந்துகொண்டது 1956ஆம் ஆண்டில். அந்த ஆண்டுத் தேர்தலில் எழுந்த கோஷம் ‘சிங்களம் ஓன்லி’. தேர்தலில் வென்ற திரு. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அதே ஆண்டு 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதை இன்றும் ‘சிங்களம் ஓன்லி’ச் சட்டம் என்றே உலகம் சொல்கிறது. ஆனால் சட்டத்தின் தலைப்பை எடுத்துப் பாருங்கள். அங்கே ‘ஓன்லி’ இல்லை. சிங்கள மொழியை இலங்கையின் ‘வன்’, அதாவது ஒரே, அரசகரும மொழியாக விதிக்கும் சட்டம் என்றே இருக்கிறது. ‘ஓன்லி’யை நீக்கிவிட்டு ‘வன்’ என்று எழுதியதால் சட்டம் மென்மையாயிற்றா? இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முன்னரே பார்த்தோம். மக்கள் இட்ட பெயர் சொல்லிலக்கணப்படியும் பிழையன்று.

தமிழர் அதற்குத் ‘தனிச் சிங்களச் சட்டம்’ என்று பெயரிட்டார்கள். தனி என்ற சொல்லும் நினைக்கத்தக்கது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்திலே அதே ‘தனி’ நமக்குப் பெருமையாக நிற்கிறது. தனித்தமிழில் வெளியே நின்றவை வடசொற்கள். தனிச் சிங்களத்தில் வெளியே நின்றவர்கள் மனிதர்கள். இந்த வேற்றுமையை மறவாமலே அந்த ஒற்றுமையையும் சொல்லிவைக்கிறோம்.

மனிதர்கள் என்றது வெறும் அலங்காரத்துக்கன்று. கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞருக்குச் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறவில்லை என்று சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மேல் வழக்காட முடியாது என்று அத்தீர்ப்பை மாற்றிற்று. 1969இல் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில், வழக்காடலாம் என்று சொல்லி, அச்சட்டம் அரசியல் திட்டத்துக்கு ஏற்றதா என்ற மூல வினாவைத் தான் தீர்க்காமல் திருப்பி அனுப்பிற்று. அந்த வினாவுக்கு விடை வரவேயில்லை. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு அரசகரும மொழியை யாப்புக்குள்ளேயே எழுதிவிட்டது.

இந்த இடத்தில் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னே தள்ளிப் பார்க்க விரும்புகிறோம். 1944இல் அரசாங்க சபையிலே, சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டுமென்று ஒரு பிரேரணை வந்தது. கொண்டுவந்தவர் திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனா. திரு. வ. நல்லையா தமிழையும் சேர்க்கவேண்டுமென்று திருத்தம் கொண்டுவர, சபை அதை ஏற்றுக்கொண்டது. அப்பொழுது இருந்த வாய்பாடு ‘சிங்களமும் தமிழும்’. நமது இலக்கணத்திலே இது எண்ணும்மை. எண்ணும்மையில் வரும் இரண்டு பெயரும் ஒரே வரிசையில், தோளோடு தோள் நிற்கும். முன்னதைப் பின்னதாக மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது.

1956இல் வந்தது ‘சிங்களமே’. இது பிரிநிலை ஏகாரம். பிரிநிலை யாரை ஒதுக்கும் என்று மேலே சொன்னோம். 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஒதுக்கியதை ஒதுக்கியபடியே வைத்துக்கொண்டு சில இடங்களில் மாத்திரம் தமிழுக்கு இடம் கொடுத்தது.

1987 நவம்பரில் அரசியல் யாப்பின் பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறியது. அப்போது சனாதிபதியாக இருந்தவர், 1944இல் அந்தப் பிரேரணையைக் கொண்டுவந்த அதே திரு. ஜயவர்த்தனா. அதன்பின் யாப்பின் 18ஆம் உறுப்புரை இப்படி நிற்கிறது: முதற் பிரிவிலே இலங்கையின் அரசகரும மொழி சிங்களம், இரண்டாம் பிரிவிலே தமிழும் ஓர் அரசகரும மொழி, மூன்றாம் பிரிவிலே ஆங்கிலம் இணைப்பு மொழி. இரண்டாம் பிரிவின் ஆங்கில வாசகத்திலே, ‘மேலும், கூட’ என்று பொருள்படும் ‘ஓல்சோ’ வந்திருக்கிறது. ‘ஓன்லி’ மூடிய கதவை ‘ஓல்சோ’ திறந்தது. இது சிறிய காரியம் அன்று. இதைக் காட்டித்தான் நாம் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம்.

ஆனாலும் இலக்கணம் படித்த கண் இன்னொன்றையும் காணும். ‘தமிழும்’ என்பதில் உள்ள உம்மை எண்ணும்மை அன்று. அது எச்சவும்மை. ஒன்று முன்னரே சொல்லி முடிந்தபின், அதைத் தழுவிக்கொண்டு பின்னால் வருவது எச்சவும்மை. 1944இல் ஒரே வாக்கியத்தில் தோளோடு தோள் நின்ற இரண்டு மொழிகள், 1987இல் இரண்டு பிரிவுகளில், ஒன்று எழுவாயாகவும் ஒன்று ‘உம்’ஆகவும் நிற்கின்றன. சட்டம் தெரிந்தவர்கள், இதனால் நடைமுறை உரிமையில் குறைவில்லை என்று வாதிடலாம். அது அவர்கள் துறை. சொல்லின் துறையில் நின்று பார்த்தால், எண்ணும்மைக்கும் எச்சவும்மைக்கும் இடையே நாற்பத்து மூன்று வருடங்களும், அவற்றுள் நடந்த யாவும் கிடக்கின்றன.

நண்பர்களே, அடுத்த கூட்டத்துக்கு வரும்பொழுது ஆளுக்கொரு அரசாங்கப் படிவத்தையோ சுற்றறிக்கையையோ மூன்று மொழியிலும் தேடிக் கொண்டுவாருங்கள். ஆங்கிலப் பிரதியில் ‘ஓன்லி’ எந்த இடத்தில் நிற்கிறது, சிங்களப் பிரதியில் ‘பமணக்’ எதன் பின்னால் நிற்கிறது, தமிழ்ப் பிரதியில் ‘மட்டும்’ எதன்மேல் ஏறியிருக்கிறது என்று மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். தமிழ்ப் பிரதி கிடைக்கவில்லை என்றால், எங்கே, யாரிடம் கேட்டுக் கிடைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். செயலாளர் அவற்றைச் சேர்த்து வைப்பார்.